முதல் மரக்கால்

தென்காசி கோட்டாட்சியர் ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸோடு ஒரு போட்டோவும் இணைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். பெரிய வீட்டு வாசலில் அப்பா குனிந்து நின்று அளக்கும் மரக்கால் நிறைய நெல்லை நீட்டுகிறார். அந்த வீட்டு முதலாளி கைநீட்டி வாங்குகிறார். எடுத்தவள் நான்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் நான்தான். 'வழக்கம்போல முதல் மரக்கால் பெரிய வீட்டுக்கு' என்று கீழே எழுதி வேறு வைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

நான் பிறப்பதற்கு முன்பே, உச்சவரம்புக்கு மேல் இருந்த பெரிய வீட்டு நிலத்தை அரசாங்கம் எடுத்து, அதில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ஒப்படைத்தது. பட்டாவும் வந்தது. அதன்பிறகு குத்தகை ஏது? ஆனாலும் ஒவ்வொரு அறுப்பிலும் முதல் மரக்கால் நெல்லை அந்த வீட்டுக்குக் கொண்டுபோவதை அப்பா நிறுத்தவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு மகன் வாங்கிக்கொண்டார்.

அந்த மகன்தான் இப்போது மனுப் போட்டிருந்தார். இழப்பீடு நாங்கள் வாங்கவே இல்லை, நிலமும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை, இவர் இன்றைக்கும் எங்கள் குத்தகைக்காரர், ஒப்படையை ரத்து செய்யுங்கள் என்று. ஆதாரம், என் போட்டோ. நான் குற்றாலத்தில் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். சீசனில் அவருடைய விருந்தாளிகளுக்கு ரூம் போட்டுக்கொடுத்த பழக்கத்தில் என் நம்பர் அவரிடம் இருந்தது. ஸ்டேட்டஸைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டார்.

விசாரணை அன்று சாரல் விடவே இல்லை. போகும் வழியெல்லாம் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"எப்பா, கேட்டா, எப்பவாவது குடுத்தேன்னு சொல்லுங்க."

"எதுக்குட்டி பொய் சொல்லணும்?"

அதிகாரி போட்டோவைக் காட்டி, "வருஷா வருஷம் நெல் குடுத்தீங்களா?" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு அறுப்பு விடாம குடுத்திருக்கேன் சார்" என்றார். "குத்தகையில்ல சார், மரியாதை" என்று அப்பா சொல்லத்தான் செய்தார். அது வாக்குமூலத்தில் ஏறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் கறாராகச் சொன்னார். "உத்தரவு வார வரைக்கும் ஒரு மணி நெல்லு அங்கன போகக்கூடாது."

புரட்டாசியில் அறுப்பு முடிந்தது. உத்தரவு வரவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடினேன். ஒருநாள் காலையில் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மரக்கால் நெல்லைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நெலத்தையே கேக்குதாரு. அவருக்கா கொண்டுபோறீக?"

அப்பா பையின் வாயைக் கட்டிவிட்டுத்தான் பேசினார்.

"ஏட்டி, கேஸுக்குப் பயந்து இந்த வருஷம் குடுக்காம நின்னுட்டா, இத்தன வருஷம் குடுத்ததும் குத்தகைன்னுதானே ஆயிரும்?"

வக்கீலுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பையைத் தூக்கி ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.