என் தலைக்கு மேல் உருண்ட தாயக்கட்டை

திருப்பதியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது காலுறை நாற்றம். ஏசி குளிர் அப்புறம்தான். செருப்பு, ஷூ எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தரிசிக்க வேண்டும். மலைமேல் பெருமாளுக்கே அவ்வளவு பயபக்தி கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்...

ஊர் இளவட்டத்தில் பாதி அமெரிக்காவுக்கும் மீதி ஹைதராபாத்துக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் போகவில்லை. என்னைக் கூப்பிட அமெரிக்காவுக்குக் கூச்சம் என்று கேள்வி.

ஆனால் நண்பர்களே, சித்தூர் ஜில்லாவில் சொந்தமாக வெப்சைட் வைத்த முதல் மனிதன் அடியேன்தான். ஆதாரம் கேட்காதீர்கள், என்னிடமும் இல்லை.

வெப்சைட் கொடுத்த கம்பெனிக்காரன் இரண்டு வழி காட்டினான். வருஷத்துக்கு இருபது டாலர் கட்டினால் பக்கம் முழுக்க நம்முடையது. கட்டாவிட்டால் இலவசம், ஆனால் உச்சியில் அவன் விளம்பரம் ஓடும். அதன் கீழே 'சம்மதம்' என்று ஒரு பட்டன். இலவசம் என்று பார்த்த பிறகு என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அழுத்திவிட்டேன்.

போட்டோ, நட்சத்திரம், ராசி, கொஞ்சம் ஊதிய சம்பளம்... எல்லாம் ஏற்றினேன்.

அப்போதுதான் சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் பெண் பார்த்தோம். தேவகி. பி.எஸ்சி. காபி டம்ளரை நீட்டி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் நாலாயிரம் துண்டாகி, பொறுக்கி எடுக்கவே ஒரு வாரம் ஆனது. இவள் இல்லையென்றால் சந்நியாசம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மற்ற மாப்பிள்ளைகள் ஜாதகம் கொடுத்தார்கள். நான் ஜாதகத்தின் அடியில் வெப்சைட் முகவரியும் எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

தேவகியின் அப்பா மாந்தோப்புக்காரர். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனுஷர். பஸ் ஏறி சித்தூர் போய், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து என் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை எங்கள் சென்டரில் என் முன்னால் வந்து நிற்கிறார், செருப்பில்லாமல்.

"இன்னாபா, சூதாட்டம்லாம் உண்டா உனுக்கு?"

விசாரித்தால், என் போட்டோவுக்கு மேலே தாயக்கட்டை உருண்டதாம், அரைகுறை உடையில் ஒரு பெண் கண்ணடித்தாளாம். என் பக்கத்தில் இருப்பதால் அதுவும் நான் எழுதியது, என் குணநலனில் ஒன்று என்பது அவர் கணக்கு.

அதெல்லாம் எவனோ போடுவது மாமா என்று சிரித்தபடி பக்கத்தைத் திறந்தேன். மோடம் கதறியது. மேலேயிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தது விளம்பரம். தாயக்கட்டை இல்லை. வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம்.

மாமா திரையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். அப்போது என் தலை சேஷாசலக் காடு ஐயா! சந்தேகப் பார்வை அங்கிருந்து நகரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரும், பாருங்கள் என்று வீராப்பாக இன்னொரு தட்டு தட்டினேன்.

வந்தது... ஒரே வாரத்தில் டைவர்ஸ் வாங்கித் தரும் வக்கீல்.

டைவர்ஸ் என்ற ஆங்கிலம் மாமாவுக்குத் தெரிந்திருந்தது. நின்று போன என் நெஞ்சு மறுபடி துடிக்க வியாழக்கிழமை ஆனது.

"காணிப்பாக்கம் வா. முழுகிட்டு, அதுக்கும் உனுக்கும் சம்மந்தம் இல்லன்னு பிள்ளையாராண்ட சத்தியம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் அதுதான் கடைசித் தீர்ப்பு. போலீஸ், கோர்ட் எல்லாம் அதற்குக் கீழே. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது ஊரறிந்த சேதி.

ஞாயிற்றுக்கிழமை. குளத்தில் முழுகி, ஈர வேட்டி சொட்டச் சொட்டப் பிள்ளையார் முன்னால் நின்றேன். ஓரத்தில் தேவகி. சூதாடியதில்லை என்றேன். முடி சொந்த முடி என்றேன். எனக்கு வேறு பெண்டாட்டி கிடையாது என்றேன். தண்ணீர் போல வந்தது. "அந்த விளம்பரத்துக்கும் எனக்கும்..." என்று ஆரம்பித்தேன். நாக்கு நின்றுவிட்டது.

சம்மதம் பட்டன்!

நானல்லவா அழுத்தினேன்? அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில் பூமி சுற்றுவதை நிறுத்தியிருக்கும், யாரும் கவனிக்கவில்லை. சொன்னால் தேவகி போய்விடுவாள். சொல்லாவிட்டால் நானே போய்விடுவேன்.

"நான் ஒத்துக்கினுதான் போட்டாங்க மாமா. காசு கட்டியிருந்தா வந்திருக்காது. ஓசின்னு வுட்டுட்டேன்."

மாமா என் ஈர முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப மொகத்த வாடகைக்கு வுட்டுகீற" என்றார்.

தேவகிதான் பேசினாள். "நைனா, இவருக்குப் பொய் சொல்ல வரல. கஞ்சத்தனத்த நான் பாத்துக்கறேன்."

இருபது டாலர் கட்டிய பிறகே பத்திரிகை என்று மாமா நிபந்தனை போட்டார். என்னிடம் ஏது கார்டு? நியூ ஜெர்சியில் இருந்த நண்பன் கட்டினான். மாமா மறுபடி சித்தூர் போய், பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்துதான் முகூர்த்தம் குறித்தார்.

இன்று திருப்பதியில் எங்கள் வீட்டில் பாட்டு, படம் எல்லாமே காசு கட்டியது. டல்லாஸிலிருந்து மகள் கட்டுகிறாள், ஒரு விளம்பரம் எட்டிப் பார்க்காது. குடிபாலாவில் தனியாக இருக்கும் மாமா மட்டும் போனில் இலவசமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரத்தைத் தள்ளிவிட மாட்டார். ஒருத்தர் பேசும்போது பாதியில் எழுந்து போவது மரியாதையா என்பார். பாவமாக இருந்தது. போன மாசம் அவருக்கும் காசு கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன். குரலில் அதே பழைய அதிர்ச்சி.

"மாப்ள, இன்னா பண்ணி வெச்ச? நடுவுல ஒருத்தரும் வரமாட்டேன்றாங்க."

நல்லதுதானே மாமா என்றேன்.

"சோப்பு விக்கிற பொண்ணு வரும், இன்சூரன்ஸ்காரன் வருவான். நல்லா கீறீங்களான்னு கேப்பான். வேற யாரு வர்றாங்க இங்க?"

பழையபடி இலவசத்துக்கே மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தேவகி, காலையில் சித்தூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.