செருப்பு இருந்தால் ஆள் வருவார்

அக்ரஹாரத்தில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பத்தான், பன்னிரண்டாம் நம்பர் அறைக்காரரை முதலாளி அனுப்பியிருக்கிறார் என்று மூன்று நாள் மனதார நம்பினேன். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான் என்று கவலைப்பட்டேன். சாப்பாடு மட்டும் குறையவில்லை.

ஒல்லியான மனிதர். சாயங்காலமானால் என் மேசையருகே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். நான் சொல்வதைப் பென்சிலால் எழுதி முற்றுப்புள்ளி வைப்பார். நான் மேலும் ஏதாவது சொன்னதும் அந்தப் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு ஒரு ‘தவிர’ சேர்ப்பார்.

“நமக்குச் சாதாரணமாத் தெரியறதைக் கம்ப்யூட்டருக்கு விதியா எழுதித்தான் சொல்லணும் சார். ஆள் ரூமைக் காலி பண்ணிட்டார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“சாவி இங்க இருக்கணும், பை அங்க இருக்கக் கூடாது.”

எழுதினார். விடுவேனா?

“ஆனா கட்டிலுக்கடியில செருப்பு இருந்தா காலி பண்ணலை. மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு வேண்டுதலா வெறுங்காலோட போயிருக்கார், திரும்பி வருவார்.”

அழித்து எழுதினார்.

“செருப்புல வார் அறுந்திருந்தா வரமாட்டார்.”

“ஒத்தச் செருப்புன்னா?”

“இன்னொண்ணை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். வருவார். வந்து என்னைத் திட்டுவார்.”

பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார். “இதை முழுசா எழுதி முடிச்சவங்க யாருமே இல்லை சார். நானும் பல வருஷமா எழுதறேன்.” தோற்றுக்கொண்டே இருப்பவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“அப்போ என் வேலை?” என்று கேட்டே விட்டேன்.

“உங்க வேலைக்கு என்ன சார்?” என்று விழித்தார்.

பிறகு விசாரித்ததில், முதலாளிக்கு அவர் யாரென்றே தெரியாது. எங்கோ கல்லூரியில் தர்க்கம் கற்பிக்கிறவர்; மனிதருக்குச் சாதாரணமாகத் தெரிவதைக் கம்ப்யூட்டருக்கு எழுதிப் பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஒரு கருத்தரங்குக்காக மூன்று நாள் அறை எடுத்திருந்தார்.