இரண்டு அப்பாக்களும் ஒரு வளையமும்

ஊசல் ஆடுவதைப் படமாக வரையச் சொல்லிக்கொடுப்பதுதான் பொறியியல் கல்லூரியில் என் பிழைப்பு. ஒரு அச்சில் ஊசல் எங்கே இருக்கிறது, இன்னொரு அச்சில் எவ்வளவு வேகமாகப் போகிறது, அவ்வளவுதான். காற்றில் ஓய்ந்துபோகும் ஊசலின் கோடு சுருண்டு சுருண்டு நடுப்புள்ளியில் அடங்கிவிடும். யாராவது விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அடங்காது, ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டே கிடக்கும். இந்தக் கோட்டுக்கு ஃபேஸ் பாதை என்று பெயர். பத்து வருடமாக இதைக் கரும்பலகையில் வரைந்தவனுக்கு, தன் கல்யாணமே அப்படி ஒரு வளையத்தில் மாட்டிக்கொண்டது புரிய ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

எங்களுக்குக் கணபதியில் பம்பு பாகங்கள் கடையும் பட்டறை. பெண் வீட்டாருக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி. பெண் அங்கேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறாள். பார்க்கப் போன அன்று கேசரித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "பாவமுங்க உங்க பசங்க" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஆனால் எங்கள் பக்கம் பிடித்திருக்கிறது என்று ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது. "பாத்துச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வர வேண்டும். மறுநாள் தரகர் வந்து அந்தப் பக்கத்துச் சேதியை இந்தப் பக்கம் போடுவார். எங்கள் தரகரோ மறுநாள் காலை மொட்டைமாடிப் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, தாராபுரத்தில் மகள் வீட்டில் போய்ப் படுத்துவிட்டார். அப்பா போன் போட்டுக் கேட்டார். "இதெல்லாம் போன்ல பேசற காரியமுங்களா? எந்திரிச்சு வந்து நேர்ல பேசிப்போடறனுங்க" என்றார் அந்த மகராசன்.

அவர் எழுந்திருக்கும்வரை யார் முதலில் வாயைத் திறப்பது?

"நாம மொதல்ல கேட்டா, பையனுக்கு வேற எடமே அமையலையாட்டன்னு நெனச்சுப்போடுவாங்க கண்ணு" என்றார் அப்பா. அவள் அப்பாவும் இதையேதான் மாற்றிச் சொல்கிறார் என்று அவள் போனில் சொன்னாள். நம்பரை வாங்கியிருந்தோம், பேசிக்கொண்டும் இருந்தோம். கேட்காமல் இருப்பது கௌரவம், ஆனால் போகாமல் இருப்பது அவமரியாதை. ஆகவே ஒரு ஞாயிறு நாங்கள் போனோம், அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். மழை, பாக்கு விலை, முட்டி வலி எல்லாம் பேசினார்கள், கல்யாணத்தைத் தவிர. ஐந்தாம் ஞாயிறு அப்பா, அவள் அப்பாவின் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு மோட்டாரே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆறாம் வாரம் இருவரும் சேர்ந்து பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். வழியில் மறந்தும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரண்டு மொட்டைகளையும் ஒன்றோடொன்று முட்டவிடலாம் போலிருந்தது.

ஏழாம் ஞாயிறுதான் காகிதத்தை எடுத்தேன். ஒரு அச்சில் என் அப்பாவின் சம்மதம், மறு அச்சில் அவள் அப்பாவின் சம்மதம். அளப்பதற்கு உபசாரம்தான் கருவி. வந்தவர்களை வாசல்வரை வந்து கூப்பிட்டால் இரண்டு, கேட்வரை வந்தால் நான்கு, தெருமுனையில் காத்து நின்றால் எட்டு. புள்ளிகளை வைக்க வைக்க விஷயம் விளங்கியது. அவள் அப்பா தெருமுனைக்கு வந்து நின்றால் என் அப்பா மிரண்டுவிடுவார். "எச்சா எறங்கி வர்றாங்க, நாம நிதானமா இருக்கோணும்" என்று அடுத்த வாரம் சோபாவை விட்டு எழமாட்டார். அதைக் கண்டு அவர் மனம் சுருங்கி, மறுவாரம் கதவோடு நின்றுகொள்வார். "மனசு நொந்துபோட்டாங்களாட்ட" என்று அப்பா பதறி, அடுத்த முறை தெருமுனைக்கே ஓடுவார். உடனே அவருக்கு மனம் குளிர்ந்துவிடும், அதற்கடுத்த வாரம் அவரும் தெருமுனையில் நிற்பார். புள்ளிகளைச் சேர்த்தேன். அசல் வளையம். மாணவன் யாராவது வரைந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

என் பாடமே எனக்கு நினைவுக்கு வந்தது அதற்கப்புறம்தான். இரண்டே அச்சு இருக்கும் படத்தில் ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்ட முடியாது. வளையத்துக்குள் சிக்கியது வெளியே வர வழியே இல்லை. இதை வருடாவருடம் தேர்வுக்குக் கேட்கிறவன் நான். ஆடி பிறந்தால் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். ஆடி கழிந்ததும் ஈரோட்டிலிருந்து வேறொரு வரன் அவளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுடைய தரகருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. படத்தை போட்டோ எடுத்து, இப்படியே போனால் நமக்கு விடிவு இல்லை என்று விளக்கி அவளுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது: "பாத்துச் சொல்றேனுங்க."

நீயுமா என்று போனைக் கட்டிலில் எறிந்தேன். அதன்பிறகு அவள் பேசவே இல்லை.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு மேட்டுப்பாளையத்துக்குப் போனோம். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டோம், அவள் கண்ணிலேயே படவில்லை. பிறகு விடைபெறத் தொடங்கினோம். அது எங்கள் ஊரில் தனி வைபவம். கூடத்தில் ஒரு "வாரோமுங்க", படியில் ஒன்று, கேட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் "இருந்துபோட்டுப் போலாமுங்க" என்று பதில் வரும், பத்து நிமிடம் நிற்க வேண்டும். காருக்கு வந்தபோது பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு விடைத்தாள், கையில் சிவப்புப் பேனா. நிதானமாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அம்மணி ஏறி உக்காந்துபோட்டாளாட்ட" என்றார் அவள் அப்பா, முகம் வெளிறி.

"அதுக்கென்னங்க, இருக்கட்டுமுங்க. எடம் இருக்குது" என்றார் என் அப்பா.

இறங்கு என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுந்து போகச் சொன்ன வழக்கமே கிடையாது. என் அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து, "கொஞ்சம் நவுந்துக்க அம்மணி" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் வண்டியைக் கிளப்பியே இருப்பார்கள்.

நான் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவிக் கொடுத்தாள். என் படம், பிரிண்ட் எடுத்தது. வளையத்தின் நடுவிலிருந்து சிவப்பு மையில் மூன்றாவதாக ஒரு அச்சு. கீழே, பத்துக்கு நான்கு.

"ரெண்டு அச்சுல வெளிய வர முடியாதுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. உங்கப்பா இருக்கறாரு, எங்கப்பா இருக்கறாரு. நான் எங்கீங்க இருக்கறேன் இதுல? என்னைய ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அத்தனை வாரம் போனில் பேசியும், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருமுறை கேட்கவில்லை. அப்பாக்களைத் திட்டிக்கொண்டு நானும் தெருமுனைக்கும் சோபாவுக்கும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒடிந்தது தரகர் கால்தானே, என் வாய்க்கு என்ன வந்தது?

தலையைக் காருக்குள் நீட்டி, அம்மாவின் காதுபடவே, "என்னையக் கட்டிக்கறீங்களா?" என்றேன்.

வெளியே இரண்டு மொட்டைத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து டயரைப் பார்த்தன.

"காத்துக் கொறவாட்டத் தெரியுதுங்க."

"ஆமாங்க. கொறவுதானுங்க."

அவள் பேனாவை மூடினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் வகுப்பில் பேசுவதுபோல் இருந்தது. "இதுக்கு எதுக்குங்க படம்? சரிங்க" என்று விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

பிறகு அவள் அப்பா டயரிலிருந்து நிமிர்ந்து, என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வாங்க சம்பந்தி. காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்."

அப்பா வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பைக் கழற்றினார்.