படகில் யார் எங்கே உட்காருவது

நான் ஐந்தாவது படித்த வருடம், பாலாற்று வெள்ளத்தில் தரைப்பாலம் உடைந்தது. எங்கள் ஊர் தென்கரையில்; பள்ளிக்கூடம் வடகரையில். செவிலிமேட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் பஸ் கிடையாது. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

சித்திதான் அப்போது பஞ்சாயத்துத் தலைவர். கையெழுத்து அவளுடையது, முடிவெல்லாம் சித்தப்பாவுடையது. ஊரில் அவரைத் ‘தலைவரு’ என்பார்கள். சித்தியைத் ‘தலைவரு வூட்டம்மா’ என்பார்கள். இதில் யாருக்கும் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

தாலுகா ஆபீஸில் சொல்லி ஒரு மோட்டார் படகை வரவழைத்தது சித்தி. வெள்ளம் வடிந்த ஆற்றில் தண்ணீர், நடந்து போனால் பிள்ளைகளை இழுக்கும்; படகு போனால் தரை தட்டும். சித்தப்பா பின்னால் உட்கார்ந்து ஓட்டிய முதல் நாளே மோட்டார் விசிறி மணலில் சிக்கி, அதைப் பிடித்திருந்த ஆணி முறிந்தது. கரையில் நின்ற ஒருவர், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு போனால் சீக்கிரம் போகலாம் என்றார். சித்தப்பா ஆற்றைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்ப்பதாகவும், ஓடாவிட்டால் படகைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் தகவல் வந்தது.

சித்தி ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னையும் அம்மாவையும் ஆற்றுக்கு அழைத்துப் போனாள். விசிறிக்குப் புது ஆணி போட்டாள். வீட்டில், தறியில் புடவை சுற்றும் படமரம் ஒன்று பழசாகிக் கிடந்தது. அதில் அறுத்துக்கொண்டு வந்த ஒரு துண்டை மோட்டாருக்கு அடியில் கொடுத்து, அதை உயர்த்தி முடுக்கினாள். விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே அலறியது. துண்டைச் செதுக்கிப் பாதியாக்கினாள். அப்போதும் மணலைக் கிளறியது. பிறகு பெட்ரோல் கேனை முன்னால் நகர்த்தினாள், அம்மாவை நகர்த்தினாள், கடைசியில் என்னைப் படகின் மூக்கில் உட்கார வைத்தாள். பின்பக்கம் மேலே எழுந்தது. மோட்டாரை மெதுவாக விட்டபோது படகு மணல்திட்டின் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தது. முழங்கையில் சிராய்ப்போடு அதே தடத்தில் மாலைவரை போய்ப் போய் வந்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார், கேமராவோடு ஒருவரும் வந்தார். பிள்ளைகள் புத்தகப் பையோடு நின்றார்கள். சித்தப்பா வெள்ளை வேட்டியில் வந்து நேராக மோட்டார் பக்கம் ஏறினார்.

“நீங்க அங்க குந்திக்கினா விசிறி மண்ணுல மாட்டிக்கும். முன்னாடி போங்க” என்றாள் சித்தி.

“அப்ப இஞ்சின யாரு புடிப்பாங்க? நீயா?”

“நேத்தெல்லாம் நான்தானே புடிச்சிக்கினு இருந்தேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா நல்ல கனம். அதை மறுக்க அவருக்கு வழியில்லை. பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி முன்னால் போய், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். படகு எங்கும் தட்டாமல் போனது. கரையில் இறங்கியதும் அதிகாரி, “தலைவர் யாருங்க?” என்று கேட்டார். சித்தப்பா திரும்புவதற்குள், “நான்தாங்க” என்றாள் சித்தி.

அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். சித்தி மேசைக்குப் பின்னால், சித்தப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் இருந்தாள். சித்தப்பா சுவரோரம் பெஞ்சில் இருந்தார். அந்த நாற்காலியும் அவருடைய கனத்தைத் தாங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.