நஸ்ருதீன் பாய் இணைத்த டிராயிங்

எங்கள் கம்பெனிக்குப் பெரிய மெஷின் வாங்கியவரின் படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. விளக்குமாறு வாங்கியவருக்குப் படம் கிடையாது. அவர் பெயர் நஸ்ருதீன். சோப்பு, பினாயில், பேனா, பல்பு, கிளவுஸ் என்று யார் கண்ணிலும் படாத சில்லறைச் சாமான்களைப் பதினெட்டு வருஷமாக எங்கள் கடலூர் தொழிற்சாலைக்கு வாங்கிப்போடும் ஸ்டோர்ஸ்காரர்.

கடைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே கொஞ்சம் கிலி. விளக்குமாறு வாங்குமுன் அதைக் கொண்டே அந்தக் கடையை ஒருமுறை பெருக்கிப் பார்ப்பார். புது சோப்பு என்றால் முதலில் வீட்டுக்குப் போகும்; ஒரு வாரம் துவைத்துப் பார்த்து அவர் மனைவி சர்புன்னிசா சரி என்றால்தான் கம்பெனிக்கு வரும். சிதம்பரத்தில் நல்ல சாமான் கிடைத்துவிட்டால் காலை பாசஞ்சரில் தானே தூக்கிக்கொண்டு வருவார்.

"ஏன் பாய், கடைக்காரன் கொண்டாந்து போட மாட்டானா?" என்று கேட்டால், "நான் பாத்து வெச்சது ஒண்ணு, அவன் அனுப்பறது ஒண்ணா இருக்கும் மச்சான்" என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நானே பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். நான் அக்கவுண்ட்ஸ். சாமான் கேட்டு அவர் எழுதும் இண்டென்ட் என் கையெழுத்து இல்லாமல் நகராது.

போன வருஷம் சென்னை ஆபீஸ் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. சில்லறைச் சாமான் எல்லாம் இனி ஒரே சப்ளையரிடம்தான், அதுவும் கம்ப்யூட்டர் பட்டியலில் இருப்பது மட்டும். பட்டியலில் கிளவுஸ் ஒரே சைஸ், வாட்டசாட்டமான ஆம்பளைக் கைக்கு ஆனது. டிரம் கழுவும் ராசம்மாளுக்கோ சின்னக் கை. கிளவுஸ் நழுவி டிரம்முக்குள் விழும். கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் கழுவினார். ஆசிட் தண்ணீரில் விரல்கள் வெந்துபோயின. டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி அவர் குடிப்பதை நஸ்ருதீன் பார்த்துவிட்டார்.

அன்றே சின்ன சைஸ் கேட்டு இண்டென்ட் வந்தது. பட்டியலில் இல்லாத அளவு என்றால் டிராயிங் இணைக்க வேண்டும் என்பது விதி. அது பைப்புக்கும் வால்வுக்கும் போட்ட விதி என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் 'டிராயிங் இல்லை' என்று எழுதித் திருப்பினேன். மறுபடி வந்தது, மறுபடி திருப்பினேன். மூன்று வாரம் ஓடியது. ஆடிட்டில் கேள்வி வருமே என்ற பயம் ஒரு பக்கம். சட்டம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது இன்னொரு பக்கம்.

மூன்றாம் முறை அவரே கொண்டுவந்தார். டிராயிங் இணைத்திருந்தார். வெள்ளைத் தாளில் ராசம்மாளின் வலது கையை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்திருந்தார். உள்ளங்கை அகலம், நடுவிரல் நீளம் எல்லாம் மில்லிமீட்டரில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராதே.

"கோடு நாலு எடத்துல விட்டுப் போயிருக்கே பாய்?" என்றேன்.

"அங்கல்லாம் புண்ணு மச்சான். பேனா பட்டா எரியுதுன்னு அந்தம்மா கைய இழுத்துக்கிச்சு. விட்டுட்டேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டேன். இது யார் கை என்று சென்னையிலிருந்து போன் வந்தது. "எங்க ஆளு கைதான் சார். அளவெல்லாம் சரியா இருக்கு, அனுப்புங்க" என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

பத்தாம் நாள் கிளவுஸ் வந்தது. மதியம் ராசம்மாள் அதைப் போட்டுக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார்.

"கரெக்டா இருக்கு சார். நீங்கதான் சென்னைல பேசி வாங்கிக் குடுத்தீங்கன்னு பாய் சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் சார்."

இரண்டு முறை நான் திருப்பியனுப்பியதைப் பாய் அவரிடம் சொல்லவே இல்லை.