மதினி தூக்கிக்கொண்டு போன பூசணிக்காய்

இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் வேதக்கோயில் பலிபீடத்துப் படியில் ஒரு சர்க்கரைப் பூசணிக்காய் வந்து உட்கார்ந்திருந்தது. வாழைத்தார், திராட்சைக் கூடை, கால் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரி அது இருந்த இருப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு பூசணிக்காயால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்த கதை அவர்களுக்கு எங்கே தெரியும்?

மதினி என்றால் என் அண்ணன் பெண்சாதி. போடி கடைவீதியில் அண்ணனுக்குப் பலசரக்குக் கடை. அப்பா, அம்மா இல்லாத எனக்கு அந்த வீடுதான் வீடு. காலையில் அரிசி களையும்போதே மதினியின் ஜெபமும் முடிந்துவிடும். "ஆண்டவரே, இன்னைக்கு வேண்டிய புத்திய இன்னைக்குக் குடும்." அவ்வளவுதான். நாளைக்கு உள்ளதையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேலி செய்வேன். "அது மாவு மாதிரி ஆத்தா. நேத்து ஆட்டுனது இன்னைக்குப் புளிச்சுப்போகும்" என்பார். எனக்கோ வாய் நீளம். யோசிப்பதற்கு முன்னால் பேசி முடித்துவிடுவேன்.

அந்த வருஷம் ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நிச்சயம். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. வெளியே சொல்வேனா? அந்த அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். கோம்பைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்துச் சம்பந்திக்குக் கொடுத்து மரியாதை செய்ய வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அது தெரியாமல் மாப்பிள்ளையின் அப்பாவும் கேட்டார். அண்ணன் ஏற்ற, அவர் ஏற்ற, மரியாதை போய் வீம்பு வந்துவிட்டது. பெண் வீட்டுக்காரருக்கு இம்புட்டு ரோஷம் ஆகாது என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த மதினி, கையில் கரண்டியோடு வந்துவிட்டார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, பருப்பு வெந்துருச்சு, காய் பத்தல. அவுக ரெண்டு பேரும் சொன்ன காணிக்கையப் பெட்டியில போட்ருவாக. சாம்பார எல்லாரும் சாப்பிடுவோம்" என்று ஆராதனை நடத்திய சபை ஐயரிடம் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

முதலில் ஐயர்தான் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. மதினி இரண்டு பேரையும் ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறினார். என் மாமனார் மறுசாம்பார் கேட்டு வாங்கினார். நிச்சயம் நல்லபடியாக நடந்தது.

இவ்வளவு காலம் கழித்து, இந்த வருஷமும் பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. கேட்டவர்கள் யார் தெரியுமா? என் வீட்டுக்காரரும், இப்போது கடையைப் பார்க்கும் அண்ணன் மகனும். விளையாட்டாக ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு முகத்திலும் சிரிப்பு இல்லை. நான் மெல்ல எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தேன். சாம்பார் இறக்கி மூடியாகிவிட்டது. போச்சு, மதினியின் பழைய மாவு புளித்துவிட்டது. மூட்டுவலியோடு பின்னால் நாற்காலியில் இருந்த மதினியைப் பார்த்தேன். அவரோ விசிறிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ஜாடைகூடக் காட்டவில்லை. ஆண்டவரே, இன்னைக்கு உள்ளதக் குடும் என்று நின்றபடியே கேட்டேன்.

பிறகு கையைத் தூக்கி, இரண்டு பேரையும்விட ஒரு படி கூட்டிக் கேட்டேன். பெண்சாதியை எதிர்த்து இவர் கேட்பாரா? அத்தையை எதிர்த்துத்தான் அவன் கேட்பானா? ஏலம் முடிந்தது. பூசணிக்காயைக் கொண்டுபோய் மதினி மடியில் வைத்தேன்.

மதினி அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு, எனக்கும்தான். ஆனாலும் மதினியின் வாய் சும்மா இருக்குமா?

"எம்புட்டுக் கனம்! மாமனும் மருமகனுமா ஆளுக்கொரு பக்கம் புடிச்சு என் வீட்டுல கொண்டுபோய் வைங்க."

இரண்டு பேரும் ஒரே சாக்கில் அதைப் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கடைவீதி வழியாக நடந்தார்கள். பாதி வழியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்களாம்.