கொழும்புக்குப் போன வைரவர்

ஏழு வயது வரைக்கும் எனக்கு இரட்டைச் சடை இருந்தது. சடை போட்ட ஆண்பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என்ன மரியாதை கிடைக்கும் என்று கேட்காதீர்கள். என்னைவிடச் சின்னதுகள்கூட என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் சடையைப் பிடித்து இழுத்து, எப்போது சமையப் போகிறாய் என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுவேன். அம்மா மடியில் படுக்கப் போட்டுப் பேன் பார்த்து, விளக்கெண்ணெய் வைத்து, இன்னும் இறுக்கமாகப் பின்னி விடுவாள்.

"வெட்டி விடும்மா."

"சாமி முடிடா அது. கத்திரிக்கோலைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்."

அந்தச் சாமியோ கொழும்பில் இருந்தது.

எங்கள் தோட்டம் பூனாகலைக்கு மேலே. நான் பிறப்பதற்கு முன்னால், மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர்கள் மண்ணுக்குள்ளே ஒரு கல்தூணைக் கண்டார்கள். ஆள் உயரம். நாலு பக்கமும் ஒருவருக்கும் புரியாத எழுத்து. கீழே ஒரு நாயும் அதற்குப் பக்கத்தில் ஒரு காக்காவும் செதுக்கியிருந்தது. நாய் இருந்தால் அது வைரவர்தானே. அதற்கு மேல் எங்கள் ஆட்கள் யோசிக்கவில்லை. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி கட்டித் தேயிலை ஓரத்தில் நட்டுவிட்டார்கள். காக்கா எதற்கு என்று யாரும் கேட்கவே இல்லை.

எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு, இது தங்கினால் முதல் முடி உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டாளாம். நான் தங்கினேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போடவேண்டும். மாமாவோ பெண் பார்க்கத் திருச்சிப் பக்கம் ஊருக்குப் போனவர், வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குள் துரை பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். யானை சுட வந்தவர் யானையை விட்டுவிட்டு எங்கள் வைரவரைப் பிடித்துக்கொண்டார். மஞ்சளையெல்லாம் துடைத்துவிட்டு, நாள் முழுக்கக் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து எழுத்தைப் பார்த்து எழுதினார். இது பழங்காலத்து ராஜா வைத்த கல், பழம்பொருள்களை வைக்கும் கொழும்பு நூதனசாலையில் இருக்கவேண்டியது என்று சொல்லிவிட்டார். எங்கள் துரை இரக்கமுள்ளவர்தான். அதே உயரத்தில் வேறொரு கல்லைக் கொத்தி அந்த இடத்தில் நடச் சொன்னார். பூசாரி பொங்கல் வைத்து, வைரவரைப் புதுக் கல்லில் இறங்கச் சொன்னார். இறங்கிவிட்டார் என்று தோட்டமே ஒப்புக்கொண்டது, அம்மாவைத் தவிர.

"நான் வேண்டுனது அவருகிட்ட. இந்தக் கல்லு யாரு, எவருன்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. வைரவரைப் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனது என் அப்பாவின் மாட்டுவண்டி. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு இன்னும் வரவில்லை. தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் சேர்ப்பதுதான் அப்பாவின் பிழைப்பு. துரை ஏற்று என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்று அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், அன்றிலிருந்து அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாம் என் வழியாகத்தான். "சோறு போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள், அப்பா எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பார். "கொழம்பு கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்பார் அவர். நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருப்பேன். லயத்தில் வேறெந்தப் பையனுக்கும் இல்லாத உத்தியோகம். "எனக்கும் ஒரு துண்டு வெல்லம் குடுக்கச் சொன்னாரு" என்று அவ்வப்போது நானாகவும் சேர்த்துக்கொள்வேன். உத்தரவு அப்படியே நடக்கும்.

ஒருவழியாக மாமா பெண் இல்லாமலே திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே, "கொழும்புக்குப் போயி அங்கயே முடி எறக்கிட்டு வந்துருவோம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். நான் சொன்னேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தாள். பிறகு, "எப்பன்னு கேளு" என்றாள்.

துரையிடம் லீவு கேட்டு வாங்கியதும் அப்பாதான். பூ, மஞ்சள், கற்பூரம், தேங்காய் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் ரயில் ஏறினோம்.

நூதனசாலை என்பது வெள்ளை வெளேரென்று பெரிய அரண்மனை மாதிரி இருந்தது. முன்னால் செம்பில் வார்த்த ஒரு வெள்ளைக்காரர் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா அவரையும் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். மாமாவுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பஞ்சடைத்த சிறுத்தையைக் காட்டி, கடிக்காது, தூங்குகிறது என்றார். ஓர் அறை நீளத்துக்குத் தொங்கிய திமிங்கில எலும்பைப் பார்த்து அம்மா திகைத்து நிற்க, "அதுவா, மச்சாவதாரம்க்கா. அவதாரம் முடிஞ்சதும் இங்க கொண்டாந்துட்டாங்க" என்றார். அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

கல் வைத்திருந்த அறைக்குப் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டோம். அறை முழுக்கக் கற்கள். எல்லாம் ஆள் உயரத் தூண்கள், எல்லாவற்றிலும் அதே எழுத்து. நாய் இல்லாத கல் ஒன்றிரண்டுதான். மற்றதிலெல்லாம் நாய், பக்கத்திலேயே காக்கா. மஞ்சளும் இல்லை, பொட்டும் இல்லை. தேய்த்துக் கழுவி, துணியில்லாமல் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"இதாக்கா. மூஞ்சியப் பாரு, அப்படியே நம்ம சாமி" என்று மாமா வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். மாமா எங்கள் வைரவரை வாழ்க்கையில் இரண்டு தடவைதான் பார்த்திருப்பார். அம்மா ஒவ்வொரு நாயாகக் குனிந்து பார்த்தாள். வாலைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். எல்லா நாய்க்கும் ஒரே வால், ஒரே காது.

"ஏதாவது ஒரு நாய்க்குக் குடுத்துரும்மா" என்றேன். தொடையில் கிள்ளினாள்.

"ஆள் மாறிக் குடுத்தா வேண்டுனவரு சும்மா விடுவாராடா? ரெண்டைப் பறிகொடுத்தவடா நானு" என்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அதுவரை முடி போகவேண்டும் என்பது மட்டும்தான் என் கவலை. இப்போது நானே போய்விடுவேன் போலிருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டுக் காவல்காரர் வந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்ட சிங்களவர். கடைத்தெருவில் கற்ற தமிழ் அவருக்கு.

"அம்மா அழ வேணாம். இது சாமி இல்ல. ராஜா காணி குடுத்த கல்லு. யாரு இந்தக் கல்லை உடைக்கிறது, அந்த ஆள் அடுத்த பிறப்புல காக்கா, நாய். அதுக்குத்தான் அந்தப் படம்" என்று சமாதானம் சொன்னார்.

அம்மா சமாதானமானதாகத் தெரியவில்லை. ஆனால் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மெதுவாக இடுப்பு வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு கல் துண்டை எடுத்தார். கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கத்தி தீட்ட வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு கல்லாகப் போய், பின்பக்கம் அடியில் கையை விட்டுத் தடவினார். சுவரோரம் நின்ற ஒரு கல்லுக்கு வந்ததும் நின்றார். துண்டை வைத்தார். மூலை கச்சிதமாகப் பொருந்தியது.

அப்பா என்னைப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. ஏத்தும்போது சங்கிலி நழுவி மூலை பேந்துருச்சு. பயந்துக்கிட்டு சொல்லலைன்னு சொல்லு."

நான் என் கடமையைச் செய்ய வாயைத் திறந்தேன். அம்மா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"இதுக்காகவா ராவெல்லாம் தூங்காம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தீங்க?" என்று அப்பாவைப் பார்த்தே கேட்டாள்.

"நாயாப் பொறப்பேன்னு சொல்றாரே" என்றார் அப்பா.

"பொறந்தா நம்ம வாசல்ல வந்து பொறங்க. சோறு வைக்க மாட்டேனா நான்?"

மாமா சட்டென்று திரும்பி, பக்கத்துக் கல்லின் எழுத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தமிழே வாசிக்க வராது.

உள்ளே கற்பூரம் கொளுத்தக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது என்று காவல்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் கல்லுக்கு எதிரே இருந்த ஜன்னலைத் தள்ளி முழுக்கத் திறந்து வைத்து, வெளியே நின்ற ஆலமரத்தைக் கையால் காட்டினார். அம்மாவுக்கு அது போதும், சாமியின் பார்வை படும் இடம் அது. கேட்டுக்கு வெளியே ரிக்ஷாக்காரர்களுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நம்மாள் ஒருவரை மாமா அழைத்து வந்தார். மாமா மடியில் உட்கார்ந்தேன். சடை இரண்டும் புல்லில் விழுந்தன. சந்தனம் பூசிய தலையில் காற்றுப் பட்டபோது எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது. ஜன்னலுக்குள் வைரவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அந்தத் துண்டைக் கேட்டுக் காவல்காரர் கையை நீட்டினார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "சாமியை நீங்க வச்சுக்கங்க. இது எங்க வீட்டுக்காரரு சொமந்தது" என்றாள். அவர் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார். தோட்டத்துக்கு வந்ததும் அம்மா அதைப் புதுக் கல்லின் அடியில் புதைத்து, அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கல்லைக் கும்பிட்டாள்.

ஆனால் திரும்பி வந்த ரயிலில் நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். மாட்டைப் பற்றி, கூரைத் தகரத்தைப் பற்றி, மாமாவுக்கு இனிப் பார்க்கவேண்டிய பெண்ணைப் பற்றி. கட்டுச் சோற்றைப் பிரித்தபோதும் அம்மா நேராகவே அவர் கையில் கொடுத்தாள். நான் காத்திருந்து பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். நீ தூங்கு."

மலை ஏற ஏறத் தலை குளிர்ந்தது. மொட்டை போட்டதால்தான் என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. மாமா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முடி மறுபடியும் எப்போது வளரும் என்று கேட்டு அழுதேன்.